ஒரே அறையில் இரண்டு பேரின் புத்தகங்கள்

கேள்வி: என்னிடம் ஏறக்குறைய 1,200 புத்தகங்கள் இருக்கின்றன. போன வருடம் அப்பா காலமானார். அவர் சேர்த்து வைத்திருந்த ஆயிரம் புத்தகங்களும் இப்போது பெட்டி பெட்டியாக என் வீட்டுக்கு வந்துவிட்டன. இரண்டு பேருடையதிலும் பாதிக்கு மேல் கதையும் கவிதையும்தான். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, ஒரு நோட்டில் பட்டியலும் போட்டு வைத்திருக்கிறார். பல புத்தகங்களின் ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. மாடியில் 12-க்கு 10 அடி அறை ஒன்றைப் புத்தகங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். தச்சர் 12 அடிச் சுவருக்கு ஏழடி உயரத்தில் அலமாரி வரைந்து கொடுத்திருக்கிறார்: நான்கடி அகலத்தில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டு, தட்டுக்குத் தட்டு 15 அங்குலம், ஆழம் 16 அங்குலம், கண்ணாடிக் கதவு. அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா? நூலகம் போல டூயி எண் போட்டு அடுக்க எனக்கு ஆசை. நிறவாரியாக அடுக்கினால் அழகாக இருக்கும் என்கிறாள் மகள். அப்பாவின் புத்தகங்களைத் தனியாக வைப்பதா, என்னுடையவற்றோடு கலப்பதா? இருவரிடமும் இருக்கிற ஒரே புத்தகத்தை என்ன செய்வது? சில பெட்டிகளிலிருந்து மாவு மாதிரித் தூள் உதிர்கிறது. கிழிந்தவற்றுக்கு செல்லோ டேப் ஒட்டத் தொடங்கியிருக்கிறேன்.

நூலகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அட்வான்ஸைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தச்சர் காத்திருப்பார், தூள் உதிரும் பெட்டிகள் காத்திருக்காது. அந்தப் பெட்டிகளை இன்றைக்கே உங்கள் புத்தகங்களிடமிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள்.

ஒரு புத்தகத்தை வெள்ளைத்தாள் மேல் வைத்து மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மாவு போல் தூள் விழுந்து, பக்கங்களில் குண்டூசி நுழைகிற அளவுக்கு வட்ட ஓட்டைகள் இருந்தால் அது வண்டின் புழு. உள்ளே இருந்துகொண்டு காகிதத்தையும் பசையையும் தின்னும். ஓட்டை இல்லாமல் மேல்தோல் மட்டும் ஒழுங்கில்லாமல் சுரண்டப்பட்டிருந்தால் ராமபாணப் பூச்சி. அது இருந்தால் ஈரப்பதம் அதிகம் என்று பொருள். மண் ஒட்டிய தடம் தெரிந்தால் கரையான், அதற்குப் புத்தகத்தில் வைத்தியம் இல்லை. பெட்டி இருந்த இடத்தையும் இப்போது இருக்கிற இடத்தையும் பூச்சி ஒழிப்பவரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புழு உள்ள புத்தகங்களுக்குக் குளிர்தான் நல்ல மருந்து. பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக ஒட்டி, மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். குளிர்ந்த காகிதத்தில் அறைக் காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும், பையின் மேல் கோத்தால் துடைத்துவிடலாம். பூச்சி மருந்தைப் புத்தகத்தின் மேல் அடிக்க வேண்டாம். நாப்தலீன் உருண்டையும் வேண்டாம், நீங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கப் போகிற அறையில் அந்த ஆவியைச் சுவாசிப்பது நல்லதல்ல. தூசி தட்டும்போது புத்தகத்தை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள். திறந்து வைத்துத் தட்டினால் தூசி முழுக்க உள்ளே போய்விடும்.

சரி, இப்போது அலமாரிக்கு வருவோம். தச்சர் வரைந்திருப்பது துணி மடித்து வைக்கிற அளவு. புத்தகத்துக்கு அது மூன்று விதத்தில் பொருந்தாது.

முதலாவது, இடம். புத்தகங்களை எண்ணிக்கையால் அளந்தால் கணக்கு தப்பும், நீளத்தால் அளக்க வேண்டும். உங்கள் புத்தகங்களை ஒரு மீட்டர் நீளத்துக்கு நிற்க வைத்து எண்ணிப் பாருங்கள். மெல்லிய கவிதைத் தொகுப்புகளும் கனத்த நாவல்களும் கலந்திருந்தால் சுமார் 40 வரும். அந்தக் கணக்கில் 2,200 புத்தகங்களுக்கு 55 மீட்டர் தட்டு வேண்டும். தச்சரின் வரைபடத்தில் இருப்பது 12 அடி வீதம் ஐந்து தட்டு, அதாவது 60 அடி. மீட்டரில் 18 சொச்சம். மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மிச்சத்தை 16 அங்குல ஆழம் இருக்கிறதே என்று பின்வரிசையில் தள்ளுவீர்கள். ஒரே வருடத்தில் பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

நம்மிடம் இருக்கிற பெரும்பாலான புத்தகங்கள் டெம்மி அளவு, சுமார் 14-க்கு 21.5 சென்டிமீட்டர். கிரௌன் இன்னும் சிறியது. பத்து அங்குல ஆழமே தாராளம். உயரத்தில், பலகையின் கனத்தையும் சேர்த்துத் தட்டுக்குத் தட்டு பத்தரை அங்குலம் இருந்தால் டெம்மி நிற்கும், மேலே விரல் நுழையவும் இடம் இருக்கும். அடியில் இரண்டு தட்டு மட்டும் 14 அங்குலம் வையுங்கள், பெரிய அளவுப் புத்தகங்கள், அகராதிகள், பைண்டு செய்த இதழ்கள் அங்கே போகட்டும். தரையிலிருந்து நாலு அங்குலம் மேலே தொடங்கி ஒன்பதடி வரை கொண்டுபோனால் ஒன்பது தட்டு கிடைக்கும். 12 அடிச் சுவரில் 32 மீட்டர், கதவும் ஜன்னலும் இல்லாத பத்தடிச் சுவர் ஒன்று இருந்தால் அதில் இன்னொரு 26 மீட்டர். ஆக 58. இரண்டு பேரின் புத்தகங்களும் அடங்கிவிடும். மேல் தட்டுகளுக்கு ஏறி எடுக்க உறுதியான ஸ்டூல் ஒன்று வேண்டும், ஆகவே அபூர்வமாகத் தொடுபவற்றை அங்கே வையுங்கள்.

இரண்டாவது, பலகை. ஒரு மீட்டர் புத்தகம் 25 முதல் 35 கிலோ வரை எடை இருக்கும். நான்கடி அகலத் தட்டு அந்தப் பாரத்தில் நடுவில் தொய்ந்துவிடும். அகலம் கொஞ்சம் கூடினாலே தொய்வு பல மடங்கு கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரே பலகை, ஒரே நெருக்கத்தில் புத்தகம் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை அடி அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் தொய்வது மூன்றடியில் இரண்டு மில்லிமீட்டராகவும், நான்கடியில் ஆறரை மில்லிமீட்டராகவும் ஆகும். எனவே 18 மி.மீ. பிளைவுட் என்றால் இரண்டரை அடிக்கு ஒரு நிலைப்பலகை கட்டாயம் வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வேண்டாம், அது வளைந்தால் திரும்ப நிமிராது. முன்விளிம்பில் ஒன்றரை அங்குல மரப்பட்டி அடித்தால் தட்டு இன்னும் உறுதியாகும். தட்டுகளை ஆணியடித்து நிறுத்தாமல், துளையும் முளையும் வைத்து ஏற்றி இறக்குகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டுப் பிணைப்பதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். தட்டைப் பிடித்து ஏறப் பார்க்கிற குழந்தை எந்த வீட்டுக்கும் ஒருநாள் வரும்.

மொத்தப் பாரம் ஒன்றரை டன்னைத் தாண்டலாம். உங்கள் அறை மாடியில் இருக்கிறது. சுவரை ஒட்டி நிற்கிற வரை பொதுவாகத் தரை தாங்கும். அறையின் நடுவில் தனி அலமாரி போடுகிற எண்ணம் இருந்தாலோ, அறையின் ஒரு பகுதி சுவருக்கு வெளியே நீட்டிக் கட்டியதாக இருந்தாலோ, வீட்டைக் கட்டிய பொறியாளரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, காற்று. குளியலறையோடு ஒட்டிய சுவரிலும் மழைச் சாரல் அடிக்கிற வெளிச்சுவரிலும் அலமாரியை ஒட்டி வைக்காதீர்கள். வேறு சுவரே இல்லையென்றால் இரண்டங்குலம் தள்ளி நிறுத்துங்கள், பின்பலகை போடாமல் விடுங்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை கிளம்பும். ஈரமானியை அறையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணாடிக் கதவைப் பற்றி என் கருத்து: அப்பாவின் பழைய, மடக்கினால் ஒடிகிற புத்தகங்களுக்கு ஒரே ஒரு பகுதியில் போடுங்கள், மேலும் கீழும் காற்றுத் துளை விட்டு. மற்றவை திறந்தே இருக்கட்டும். கதவைத் திறக்க வேண்டும் என்கிற சின்னத் தடையே பலரைப் புத்தகத்திடம் போக விடாமல் செய்கிறது. வெயில் நேராக விழுகிற இடத்தில் முதுகுகள் வெளுத்துவிடும், ஜன்னலுக்குத் திரை போடுங்கள்.

அடுத்தது அடுக்கும் முறை. டூயி 1876-இல் கொண்டுவந்த, பொருளுக்கேற்பப் புத்தகத்துக்கு எண் கொடுக்கிற தசம முறை பொது நூலகத்துக்கு நன்றாக உழைக்கிறது, நானும் தினமும் அதில்தான் வேலை பார்க்கிறேன். வீட்டில் அது ஏன் சரிப்படாது என்றால், அந்த முறையில் தமிழ் இலக்கியம் முழுக்க 894.811 என்கிற ஒரே எண்ணுக்குக் கீழே வந்துவிடும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டு பேர் சேகரிப்பிலும் பாதிக்கு மேல் கதையும் கவிதையும்தான். ஆயிரம் புத்தகத்துக்கு மேல் நீளமான எண் ஒட்டி, கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும்.

நீங்கள் புத்தகத்தை எப்படித் தேடுகிறீர்களோ அந்த வழியிலேயே பிரியுங்கள். நாவல், சிறுகதை, கவிதை, பழைய இலக்கியமும் உரைகளும், கட்டுரை, வாழ்க்கை வரலாறு, வரலாறு, மொழிபெயர்ப்பு, அகராதிகள், குழந்தைகளுக்கானவை. பத்துப் பன்னிரண்டு பிரிவு போதும். ஒரு பிரிவு ஒரு தட்டைக்கூட நிரப்பாவிட்டால் அடுத்ததோடு சேர்த்துவிடுங்கள், ஐந்து தட்டைத் தாண்டினால் இரண்டாக்குங்கள். பிரிவுக்குள் ஆசிரியர் பெயர் வரிசை. முன்னெழுத்தைக் கணக்கில் எடுக்காமல் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். புனைபெயரும் இயற்பெயரும் உள்ளவர்களை எந்தப் பெயரில் நினைவு வருகிறதோ அந்தப் பெயரிலேயே வையுங்கள். கல்கியை 'கி'யில் கிருஷ்ணமூர்த்தி என்று போய் யாரும் தேட மாட்டார்கள். மொழிபெயர்ப்புகளை மூல ஆசிரியர் பெயரில் வைப்பதே நல்லது, ஒரே ஆசிரியரை மூன்று பேர் மொழிபெயர்த்திருந்தால் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. வீட்டில் அந்த வாசகர் நீங்கள் மட்டுமல்ல. அடுக்கி முடித்ததும் மகளிடம் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி எடுத்துவரச் சொல்லுங்கள். அவள் கேள்வி கேட்காமல் சரியான தட்டுக்குப் போனால் உங்கள் பிரிவு சரி. தடுமாறினால் அவள் முதலில் எங்கே கை வைத்தாள் என்று கவனியுங்கள், அந்தப் புத்தகம் இருக்க வேண்டிய இடம் அநேகமாக அதுதான். அவள் சொல்கிற நிறவரிசை அழகுதான், ஆனால் ஒரே ஆசிரியரின் புத்தகங்கள் அறை முழுக்கச் சிதறிப்போகும், புதுப் பதிப்பு வாங்கினால் அட்டை நிறமும் மாறியிருக்கும். அவளுடைய புத்தகங்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்துவிடுங்கள், அங்கே நிறவரிசை வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், எல்லாப் புத்தகமும் இந்த அறைக்கே வர வேண்டும் என்பதில்லை. சமையல் புத்தகம் சமையலறைக்குப் பக்கத்திலும், அகராதி எழுதுகிற மேசையிலும், படித்துக்கொண்டிருப்பவை கட்டில் பக்கத்திலும் இருக்கலாம். அப்படி நாலைந்து மீட்டர் வெளியே போனால் இங்கே மூச்சு விட இடம் கிடைக்கும். தட்டுகளைக் கடைசிவரை நிரப்பாதீர்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சமாவது காலியாக இருந்தால்தான் புதுப் புத்தகம் வரும்போது மூன்று தட்டை நகர்த்த வேண்டியிராது. நூலகம் வளர்கிற உயிர் என்பது ரங்கநாதனின் ஐந்தாவது விதி. புத்தகம் வாங்குகிறவர் வீட்டில் அது இன்னும் உண்மை.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி, அப்பாவின் புத்தகங்கள்.

பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னால் அவருடைய நோட்டை ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்து, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அவருடைய பழைய அலமாரி இருந்த நிலையில் யாராவது எடுத்த புகைப்படம் இருந்தால் அதையும் தேடுங்கள். எந்தப் புத்தகத்தை எதற்குப் பக்கத்தில் வைத்தார், எதை எப்போது வாங்கினார் என்பதெல்லாம் அவர் எப்படிப் படித்தார் என்று சொல்கிற தகவல். பெட்டி மாறிவிட்டதால் வரிசை கலைந்திருக்கும். ஆனால் எண் இருக்கிறது, நோட்டு இருக்கிறது. அவர் போட்ட எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள், அதன் மேல் புது லேபிளும் ஒட்டாதீர்கள். நீங்கள் தயாரிக்கப் போகிற பட்டியலில் 'அப்பா எண்' என்று தனிப் பத்தி வைத்தால், புத்தகங்கள் எந்தத் தட்டுக்குப் போனாலும் அவருடைய வரிசையை ஒரு நிமிடத்தில் திரும்பப் பார்க்கலாம்.

தனியாக வைப்பதா, கலப்பதா என்றால், இரண்டும். ஓரக் குறிப்பு எழுதியவை, கையெழுத்தும் தேதியும் போட்டவை, யாராவது அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவை ஆகியவற்றைத் தனிப் பகுதியாக வையுங்கள். நான் சொன்ன கண்ணாடிக் கதவுப் பகுதி இவற்றுக்கும்தான். கண்மட்டத்தில் இருக்கட்டும். மற்றவை உங்கள் புத்தகங்களோடு கலக்கட்டும். முழுச் சேகரிப்பையும் நினைவிடம் போல ஒதுக்கி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களை யாரும் தொடுவதில்லை, தொடாத புத்தகத்தில்தான் பூச்சி முதலில் குடியேறும். கலந்து வைத்தவற்றின் முதல் பக்க மூலையில் மென்மையான பென்சிலால் 'அப்பா' என்று எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும்.

பக்கங்களுக்கு நடுவில் ரசீது, கடிதம், பஸ் டிக்கெட், செய்தித்தாள் துண்டு எல்லாம் கிடைக்கும். எடுத்தவுடன் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று ஒரு சீட்டில் எழுதி, இரண்டையும் ஓர் உறையில் போடுங்கள். செய்தித்தாள் துண்டைப் புத்தகத்துக்குள் திரும்ப வைக்கக் கூடாது, அதன் அமிலம் பக்கத்தில் பழுப்பாக அச்சுப் பதிக்கும். நகலெடுத்து நகலை வையுங்கள். துருப்பிடிக்கிற குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இரட்டைப் பிரதிகளைப் பெட்டியில் போடும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். பதிப்பு ஆண்டு, பதிப்பாளர், பக்க எண்ணிக்கை மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அவை உண்மையில் இரட்டை. பழைய பதிப்பில் இருந்த முன்னுரையோ படங்களோ புதிதில் இல்லாமல் போயிருக்கலாம், புதிதில் பிழை திருத்தியிருக்கலாம். வேறுபட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் குறிப்பு உள்ள பிரதியை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள், அது கிழிந்திருந்து உங்களுடையது புத்தம் புதிதாக இருந்தாலும் சரி. கொடுப்பது உங்களுடையதாக இருக்கட்டும். நூலகத்துக்குக் கொடுப்பதானால் பட்டியலை முதலில் அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். கேட்காமல் இறக்கிவைத்த மூட்டைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நூலகங்கள் திணறுகின்றன.

பட்டியலை அடுக்கி முடித்த பிறகு போடலாம் என்று விட்டால் அது நடக்காது. பெட்டியிலிருந்து வெளியே வருகிற புத்தகம் பட்டியல் வழியாகத்தான் தட்டுக்குப் போக வேண்டும். எக்செல் போதும்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு, அப்பா எண், இடம், யாரிடம் இருக்கிறது. இடத்துக்கு 'அ-3' போல, பகுதிக்கு ஓர் எழுத்தும் தட்டுக்கு ஓர் எண்ணும் கொடுங்கள். பார்கோடைப் படம் பிடித்தால் விவரத்தைத் தானே நிரப்புகிற செயலிகள் உண்டு, ஆனால் அந்தப் பார்கோடில் இருக்கிற ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக எண் உலகத் தரமானது 1970-இல்தான். அப்பாவின் பழைய புத்தகங்களில் அது இருக்காது, தமிழ்ப் புத்தகங்களுக்கு எண் இருந்தாலும் விவரம் அரைகுறையாக வரும். தட்டச்சு செய்துவிடுவதே சுலபம். ஒரே ஆசிரியரை ஒரு வரியில் 'ஜெ' என்றும் இன்னொரு வரியில் 'செ' என்றும் எழுதினால் தேடும்போது பாதிதான் கிடைக்கும், ஒரே எழுத்துமுறையில் நில்லுங்கள். முன்னெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டால் வரிசைப்படுத்துவது எளிது. 2,200-ஐயும் எழுத முடியவில்லை என்று பாதியில் சோர்ந்தால், குறைந்தபட்சம் ஒவ்வொரு தட்டையும் முதுகுகள் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிடுங்கள். புத்தகக் கடையில் நின்றுகொண்டு 'இது வீட்டில் இருக்கிறதா' என்று பார்க்க அதுவே உதவும்.

புத்தகங்கள் நேராக நிற்கட்டும், சாய்ந்து நின்றால் கட்டு ஒரு பக்கம் கோணிவிடும். ரொம்ப நெருக்கவும் வேண்டாம். எடுக்கும்போது தலைப்பகுதியில் விரலை மாட்டி இழுக்காமல், இருபக்கப் புத்தகங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுக்கப் பழகுங்கள்.

கடைசியாக, செல்லோ டேப்பை இன்றோடு நிறுத்துங்கள். அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் ஊறும், பிளாஸ்டிக் உதிர்ந்தாலும் கறை போகாது. ஏற்கெனவே ஒட்டியவற்றைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு எழுத்தும் வந்துவிடும். அட்டை கழன்றவற்றை அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டித் தட்டில் வையுங்கள். பிறகு நல்ல பைண்டராகப் பார்த்துக் கொடுங்கள். கொடுக்கும்போது பழைய அட்டையையும் அப்பா கையெழுத்திட்ட முதல் தாளையும் எடுத்து எறியாமல் உள்ளே சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். மிக முக்கியமாக, ஓரம் வெட்டக் கூடாது என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு புத்தகத்திலும் வைத்துவிடுங்கள். பைண்டிங் முடிந்ததும் மூன்று பக்கமும் மிஷினில் கொடுத்து ஒழுங்காக வெட்டுவது அவர்களுக்குப் பழக்கம். அப்பா எழுதியிருப்பது அந்த ஓரத்தில்தான்.